கரும்பு வயலும் கிணற்று நீரும்: களப்பணிக்குப் புதிதாக வருவோருக்கு ஒரு வழிகாட்டி

சர்க்கரை ஆலையின் கரும்புப் பிரிவிலோ, உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்திலோ, தொண்டு நிறுவனத்திலோ புதிதாகச் சேர்ந்து, ஊரின் நீர்நிலைகள் கெடாத சாகுபடி முறைகளைக் கரும்பு விவசாயிகளிடம் கொண்டுசேர்க்கும் பொறுப்பை ஏற்றிருப்பவர்களுக்காக இந்தக் கட்டுரை எழுதப்படுகிறது. தென்பெண்ணையும் கெடிலமும் பாயும் விழுப்புரம், கள்ளக்குறிச்சி, கடலூர் மாவட்டங்களை மனத்தில் வைத்தே எழுதுகிறேன். கிணற்றுப் பாசனமும் ஏரிப் பாசனமும் கலந்திருப்பதும், ஆற்றுப் படுகையில் மணல் கலந்த மண் இருப்பதும், ஆண்டு மழையில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவத்தில் கொட்டித் தீர்ப்பதும் இப்பகுதியின் இயல்புகள். வேறு மாவட்டத்தில் பணிபுரிவோர் மண்ணுக்கும் மழைக்கும் ஏற்ப நாள்களை மாற்றிக்கொள்ளலாம். வேலையின் வரிசை பெரும்பாலும் மாறாது.

கரும்பு பத்து முதல் பன்னிரண்டு மாதம் நிலத்தில் நிற்கும் பயிர். மழையையும் சேர்த்து அதற்கு 1,800 முதல் 2,200 மில்லிமீட்டர் வரை நீர் தேவைப்படுகிறது. உறுதியான பாசனம் உள்ள இடங்களுக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கும் தழைச்சத்து (நைட்ரஜன்) எக்டேருக்கு 275 கிலோ. இவ்வளவு நீரும் இவ்வளவு தழைச்சத்தும் ஒரே நிலத்தில் சேரும்போது, பயிர் எடுத்துக்கொள்ளாமல் விடும் பங்கு நைட்ரேட்டாக மாறி நீரோடு கீழே இறங்குகிறது. களிமண்ணும் மக்கிய பொருளும் பல சத்துகளைப் பிடித்து வைக்கும். நைட்ரேட்டை மட்டும் மண்ணால் பிடிக்க முடியாது. அது முதலில் போய்ச் சேரும் இடம் தொலைவில் உள்ள ஆறோ கடலோ அன்று, அந்த விவசாயியின் சொந்தக் கிணறு. புதிதாக வருபவர்கள் இந்த ஒன்றைப் பற்றிக்கொண்டால், விவசாயியிடம் எதைப் பேசுவது, எங்கே தொடங்குவது என்ற குழப்பம் பெருமளவு தீர்ந்துவிடும்.

தண்ணீர் போகும் வழியை நடந்து பாருங்கள்

எந்தப் பரிந்துரையையும் வாயெடுத்துச் சொல்வதற்கு முன், நிலத்துக்கு உரியவரோடு ஒருமுறை வயலைச் சுற்றி நடக்க வேண்டும். தண்ணீர் பாயும் நாளாகப் பார்த்துப் போவது நல்லது. மோட்டார் கொட்டும் தொட்டியிலிருந்து தொடங்கி, மடை, கரும்பு வரிசைகளுக்கு இடையே நீர் ஓடும் பள்ளமான சால், சாலின் கடைசி முனை, அங்கே வரப்பு உடைந்திருக்கும் இடம், அதற்கு அப்பால் உள்ள வடிகால், அது சேரும் ஏரி அல்லது ஓடை என்று நீரின் பின்னாலேயே போக வேண்டும். கடைசிப் பாரின் (கரும்பு வரிசையின்) ஓரத்தில் கோரையும் புல்லும் அடர்ந்து கரும்பச்சையாக நின்றால், உரம் கரைந்த நீர் அங்கே அடிக்கடி வழிகிறது என்று பொருள். அந்த இடத்தை விவசாயியே காட்டும்படி விடுவது நல்லது. நாம் சுட்டிக்காட்டினால் அது குற்றச்சாட்டாகிவிடும்.

இந்த நடையில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பம்புசெட்டுக்கு மின்சாரம் இலவசம். பல ஊர்களில் மும்முனை மின்சாரம் குறிப்பிட்ட நேரத்தில்தான் வருகிறது. ஆகவே மின்சாரம் வந்தவுடன் தானாக ஓடும்படி ஆட்டோ ஸ்டார்ட்டர் போட்டுவிட்டு உறங்கப் போவது ஊரெங்கும் வழக்கமாக இருக்கிறது. நள்ளிரவில் மடை மாற்ற ஆளில்லாமல் ஒரே சாலில் மணிக்கணக்காக நீர் பாய்ந்துகொண்டிருக்கும். இதை அலட்சியம் என்று எழுதிக்கொள்ளாதீர்கள். ஆள் பற்றாக்குறையும் மின்சார நேரமும் சேர்ந்து உண்டாக்கிய பழக்கம் இது; தீர்வையும் அந்த இரண்டையும் கணக்கில் கொண்டே தேட வேண்டும்.

கிணற்று நீரைச் சோதிப்பது எப்படி

நைட்ரேட் அளவைக் காட்டும் சோதனைத் தாள்கள் சந்தையில் கிடைக்கின்றன. தாளை நீரில் நனைத்து எடுத்து, குறிப்பிட்ட நேரம் பொறுத்தால் அதன் முனை வெள்ளையிலிருந்து இளஞ்சிவப்பாகவும் அளவு கூடியிருந்தால் கருஞ்சிவப்பாகவும் மாறும். டப்பாவின் மேலுள்ள நிறப்பட்டையோடு ஒப்பிட்டு அளவைப் படிக்கலாம். வாங்கும்போது ஒன்றை உறுதி செய்துகொள்ள வேண்டும். சில தாள்கள் நைட்ரேட்டின் அளவையும், வேறு சில நைட்ரேட்டில் உள்ள நைட்ரஜனின் அளவை மட்டும் காட்டும். இரண்டாவது வகையாக இருந்தால் கிடைத்த எண்ணை 4.4-ஆல் பெருக்கினால்தான் நைட்ரேட்டின் அளவு வரும். இதைக் கவனிக்காமல் விட்டால், கெட்டுப்போன கிணற்றை நல்ல கிணறு என்று சொல்லிவிடுவோம்.

மோட்டாரைக் கால் மணி நேரம் ஓடவிட்டு, புட்டியை அதே நீரில் மூன்று முறை அலசி, விளிம்பு வரை நிரப்பி மூட வேண்டும். தாளில் பார்த்த பிறகு அளவு கூடுதலாகத் தெரியும் கிணறுகளின் நீரை நிழலில் வைத்து, மறுநாளுக்குள் ஆய்வகத்தில் சேர்த்து உறுதிப்படுத்திக்கொள்வது நல்லது. மாட்டுத்தொழுவம், எருக்குழி, கழிவறைத் தொட்டி ஆகியவற்றுக்கு அருகிலுள்ள கிணற்றில் நைட்ரேட் கூடியிருந்தால் அதற்குக் கரும்பு வயல்தான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆகவே வயல் நடுவே உள்ள கிணறு, வீட்டருகே உள்ள கிணறு, கரும்பே இல்லாத பக்கத்துக் கிணறு என மூன்று வகையையும் பார்க்க வேண்டும். பருவமழைக்கு முன் செப்டம்பரில் ஒரு முறையும், மழை ஓய்ந்தபின் ஜனவரியில் ஒரு முறையும் அதே கிணறுகளைச் சோதித்தால், மழை எதைக் கீழே இறக்கியது என்பது தெரியவரும்.

குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். அந்த அளவைத் தாண்டிய கிணற்று நீரைக் குடிக்கும் வீடு இருந்தால், உரத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் அந்தக் குடும்பத்திடம் அதைச் சொல்லிவிட வேண்டும். குறிப்பாக ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு அந்த நீரில் பால்மாவு கலக்கக் கூடாது; குழந்தையின் இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை நைட்ரேட் குறைத்துவிடும். கொதிக்க வைத்தால் சரியாகிவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள். கொதிக்க வைத்தால் நீர் ஆவியாகி நைட்ரேட்டின் செறிவு கூடத்தான் செய்யும்.

வயலுக்கு உரியவரிடம் சொல்ல வேண்டிய கணக்கு வேறு. "உங்கள் கிணற்றில் எத்தனை மூட்டை யூரியா கரைந்திருக்கிறது என்று பார்க்கலாமா, ஐயா?" என்று கேட்டால் யாரும் நின்று கேட்பார்கள். லிட்டருக்கு 45 மில்லிகிராம் நைட்ரேட் உள்ள கிணற்று நீரை, ஓராண்டில் மொத்தம் ஒரு மீட்டர் ஆழத்துக்கு ஒரு ஏக்கரில் பாய்ச்சினால், அந்த நீரோடு ஏறத்தாழ 40 கிலோ தழைச்சத்து வயலுக்கு வந்து சேருகிறது. 45 கிலோ யூரியா மூட்டையில் உள்ள தழைச்சத்து 20.7 கிலோ. ஆக, கிணறே இரண்டு மூட்டை யூரியா போடுகிறது. அளவு 90 மில்லிகிராம் என்றால் நான்கு மூட்டை. இந்தக் கணக்கை அவர் கண்முன்னால் ஒரு தாளில் போட்டுக் காட்டுங்கள். அவரே ஒருமுறை திரும்பப் போட்டுப் பார்க்கட்டும். பாய்ச்சிய நீர் முழுவதையும் வேர் உறிஞ்சுவதில்லை என்பதால் இதை அப்படியே கழிக்கச் சொல்லக் கூடாது. உரத்தைக் குறைக்கத் தொடங்கும் ஆண்டில் இதில் பாதியைக் கழித்தால் போதும் என்பது என் கருத்து.

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில், பெரும் பவளத்திட்டுக் கடலை நோக்கி நீர் வடியும் கரும்புப் பகுதிகளில், ஓடைகளில் நைட்ரேட் உணர்கருவிகளைப் பொருத்தி, அந்த அளவுகளை விவசாயிகளே கைபேசியில் உடனுக்குடன் பார்க்கும்படி அந்நாட்டு அரசின் சிஎஸ்ஐஆர்ஓ ஆய்வு நிறுவனம் ஒரு செயலியை உருவாக்கியது. தம் பகுதியின் நீரைத் தாமே அளந்து பார்க்கும்போது பேச்சின் தன்மை மாறிவிடுகிறது. நம் ஊரில் அத்தகைய கருவி இல்லை என்று காத்திருக்க வேண்டியதில்லை. தாளும் புட்டியும் அதே வேலையைச் செய்யும்.

மூட்டைக் கணக்கு

அடுத்ததாக, கடந்த பயிருக்கு இட்ட உரங்களை எல்லாம் ஒன்று விடாமல் எழுதிக் கூட்ட வேண்டும். யூரியாவை மட்டும் கேட்டால் பாதிக் கணக்குதான் வரும். 50 கிலோ டிஏபி (டை-அம்மோனியம் பாஸ்பேட்) மூட்டை ஒன்றில் 23 கிலோ மணிச்சத்தோடு (பாஸ்பரஸ்) 9 கிலோ தழைச்சத்தும் இருக்கிறது; அது 20 கிலோ யூரியாவுக்குச் சமம். காம்ப்ளக்ஸ் உரங்களிலும் தழைச்சத்து உண்டு. இவற்றை யாரும் கழிப்பதில்லை. தொழுவுரம், சர்க்கரை ஆலைக்கழிவு (பிரஸ்மட்), பசுந்தாள் உரமாக மடக்கி உழுத சணப்பை ஆகியவையும் சேரும்போது, "நான் ஐந்து மூட்டைதான் போடுகிறேன்" என்று சொன்ன வயலில் ஏழு, எட்டு மூட்டைக்கான தழைச்சத்து இருப்பது தெரியவரலாம்.

பரிந்துரை அளவிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. எக்டேருக்கு 275 கிலோ என்பது உறுதியான நீர்வசதி உள்ள ஆற்றுப்பாசன, கடலோரப் பகுதிகளுக்கானது. நீர் குறைந்த, கிணற்றிலிருந்து இறைத்துப் பாய்ச்சும் இறவைப் பாசனப் பகுதிகளுக்கு 225 கிலோவும், வெல்லம் காய்ச்சும் கரும்புக்கு 175 கிலோவும் என்றே பல்கலைக்கழகம் பிரித்துச் சொல்கிறது. ஏக்கர்க் கணக்கில், தழைச்சத்து முழுவதையும் யூரியாவாகவே இட்டால், இவை முறையே ஏறத்தாழ ஐந்தரை, நான்கரை, மூன்றரை மூட்டை. மே மாதத்தில் கிணறு அடிமட்டத்துக்குப் போகும் ஒரு நிலத்தில் 275 கிலோவைப் பின்பற்றுவதற்கு எந்தத் தேவையும் இல்லை. மண்வள அட்டை இருந்தால் மணிச்சத்தையும் பாருங்கள். ஏற்கெனவே அதிகம் என்று காட்டும் நிலத்தில் ஆண்டுதோறும் டிஏபி இடுவதால், மண் துகளோடு ஒட்டிய மணிச்சத்து மழையில் அடித்துப் போய் ஏரியில் பாசியை வளர்க்கிறது.

இங்கே புதியவர்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. "உரத்தைக் குறைத்தால் பணம் மிச்சம்" என்று பேசத் தொடங்குவார்கள். 45 கிலோ யூரியா மூட்டை மானிய விலையில் 266 ரூபாய் 50 காசுக்குக் கிடைக்கிறது. இரண்டு மூட்டையைக் குறைத்தால் மிஞ்சுவது ஒருவர் ஒருநாள் கூலி அளவே. விளைச்சல் குறைந்துவிடுமோ என்ற அச்சத்துக்கு முன்னால் அது நிற்காது. சாறு கெடும் என்ற வாதமும் ஆலைக்குப் பதிவு செய்தவரிடம் எடுபடாது. ஆலையின் சராசரிச் சர்க்கரைக் கட்டுமானத்தை (கரும்பிலிருந்து கிடைக்கும் சர்க்கரையின் விழுக்காட்டை) வைத்து விலை குறிக்கப்பட்டு, அவரவர் கரும்புக்கு எடைக்கே பணம் தரப்படுகிறது. வெல்லம் காய்ச்சுபவரிடம் அதே வாதம் நன்றாக எடுபடும், ஏனென்றால் தழைச்சத்து மிகுந்தால் வெல்லத்தின் நிறமும் உறுதியும் கெடுவதை அவர் கொப்பரையிலேயே பார்த்திருப்பார். ஆலைக்கரும்பு விவசாயியிடம் பேச வேண்டியது கரும்பு சாய்வதைப் பற்றி. தழைச்சத்து அதிகமாகி ஓங்கி வளர்ந்த கரும்பு காற்றில் படுத்துவிடும். சாயாமல் சேர்த்து விட்டம் கட்டக் கூலி, எலி, வெட்டும் ஆள்கள் கேட்கும் கூடுதல் கூலி என்று செலவு வரிசையாக வரும். 2011-இல் தானே புயலையும் 2024-இல் ஃபெஞ்சல் புயலையும் பார்த்த மாவட்டங்களில் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

எங்கே இடுவது, எப்போது இடுவது

அளவைக் குறைக்கும்படி முதல் ஆண்டிலேயே வற்புறுத்த வேண்டாம். இடும் முறையையும் நாளையும் மாற்றுவது எளிது. அதில் விளைச்சலுக்கு ஆபத்தும் இல்லை. வழக்கமாக நடப்பது இதுதான்: பேசினில் யூரியாவை எடுத்துக்கொண்டு சாலில் நடந்தபடியே வீசிக்கொண்டு போவார்கள், பின்னாலேயே தண்ணீர் திறக்கப்படும். யூரியா கரைந்த நிலையில் மண்ணோடு ஒட்டாது. அதிக நீரோடு வேருக்குக் கீழே போய்விடும், அல்லது கடைசிப் பாரில் வழிந்துவிடும். தண்ணீர் விடாமல் மேலாகக் கிடந்தால் அம்மோனியாவாகக் காற்றில் கலந்துவிடும். இரண்டு வழியிலும் இழப்புதான்.

இதற்கு மாற்றாக, கரும்புத் தூரின் ஓரத்தில் மண்வெட்டியால் 15 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் கீறி, யூரியாவையும் பொட்டாஷையும் அதில் இட்டு மண்ணால் மூடிவிட்டு, லேசாக ஒரு தண்ணீர் கொடுக்க வேண்டும். இப்படி இட்டால் எக்டேருக்கு 20 கிலோ தழைச்சத்தைக் குறைத்தாலும் விளைச்சல் குறையாது என்பது பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. இதற்குக் கூடுதல் ஆள் தேவைப்படும் என்பதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். களை எடுக்கும் நாளோடும், மூன்றாம் தவணையை மண் அணைக்கும் நாளோடும் சேர்த்துவிட்டால் அந்தக் கூடுதல் வேலையில் பெரும்பகுதி கரைந்துவிடுகிறது. 2015 முதல் யூரியா முழுவதும் வேப்பெண்ணெய் பூசப்பட்டே வருகிறது. அது நைட்ரேட்டாக மாறும் வேகத்தைத் தணிக்கும், ஆனால் வீசி எறிந்ததை மீட்டுத் தராது.

நடவின்போது அடியுரமாக யூரியா இடுவதில் பயன் குறைவு. நடும் கரும்புத் துண்டான கரணையிலேயே முளைக்கத் தேவையான சத்து இருக்கிறது. உறிஞ்ச வேர் இன்னும் வந்திருக்காது. நட்ட 30, 60, 90-ஆம் நாள்களில் மூன்று சம பங்காக இடுவதே முறை. டிசம்பர், ஜனவரியில் நடும் முன்பட்டக் கரும்புக்கு இந்த மூன்று தவணையும் கோடைக்குள் முடிந்துவிடும். ஜூன், ஜூலையில் நடும் சிறப்புப் பட்டத்தில்தான் சிக்கல் இருக்கிறது. ஜூலைக் கடைசியில் நட்டால் 90-ஆம் நாள் அக்டோபர்க் கடைசியில் விழும். அப்போது இட்ட யூரியாவின் கதி பருவமழையின் கையில் இருக்கும். சிறப்புப் பட்ட விவசாயிகளின் பெயர்களைத் தனியே குறித்து வைத்துக்கொண்டு, மூன்றாம் தவணையை இரண்டாகப் பிரித்து, ஒரு பங்கை மழை பிடிப்பதற்கு முன்பும், மறு பங்கை ஈரம் வடிந்து மண் காலில் ஒட்டாத நிலைக்கு வந்தபின்பும் இடச் சொல்ல வேண்டும். வானிலை எச்சரிக்கை வந்த நாளில் இவர்களுக்கு ஒரு கைபேசிச் செய்தி அனுப்புவது, நீங்கள் ஆண்டு முழுவதும் செய்யும் வேலைகளிலேயே அதிகப் பயன் தரும் ஒன்றாக இருக்கும். ஐந்து, ஆறு மாதக் கரும்பு வெளிறித் தெரிகிறதே என்று இடும் யூரியாவை முடிந்தவரை தடுக்க வேண்டும். அந்த வெளிறலுக்கு இரும்புச் சத்துக் குறையோ நீர் தேங்கலோ காரணமா என்று முதலில் பார்க்க வேண்டும்.

நான்கு பார் சோதனை

அளவைக் குறைப்பதற்கு எந்த ஆய்வறிக்கையும் தராத துணிவை ஒரு வயலின் நடுவே உள்ள நான்கு பார் தரும். விவசாயி தம் வழக்கப்படியே எல்லா இடத்திலும் உரமிடட்டும். நடுவில் அடுத்தடுத்த நான்கு பாருக்கு மட்டும் பரிந்துரை அளவை, மண்ணுக்குள் வைத்து மூடி இட வேண்டும். ஓரப் பார்கள் வெயிலும் காற்றும் கூடுதலாகப் பெறுவதால் அவற்றைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. இரு முனையிலும் வண்ணம் பூசிய குச்சி நட்டு, பாரின் நீளத்தைக் குறிப்பேட்டில் எழுதிவிட வேண்டும். நான்காம் மாதத்தில் தூர் எண்ணிக்கையையும், பத்தாம் மாதத்தில் வெட்டுக்கு ஏற்ற கரும்புகளின் எண்ணிக்கையையும் அவரோடு சேர்ந்து எண்ணுங்கள். வெட்டு நாளில் நடுவில் உள்ள இரண்டு பாரின் கரும்பைத் தனியாகக் கட்டி எடை போட முடிந்தால், அதற்கு மேல் வாதம் தேவைப்படாது. கரும்பை வெட்டி அனுப்ப ஆலை தரும் வெட்டு உத்தரவு வந்ததும் வேலை அவசர அவசரமாக நடக்கும் என்பதால், வெட்டுக்கூலிக் குழுவின் மேஸ்திரியிடம் முந்தைய நாளே பேசி வைக்க வேண்டும்.

ஆலைப் பணியாளராக இருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. வெட்டு உத்தரவு உங்கள் அலுவலகத்திலிருந்து வருகிறது என்பதால், நீங்கள் சொல்வதற்கெல்லாம் தலை அசைப்பார்கள். அதை ஏற்பு என்று எண்ணிவிடக் கூடாது. அடுத்த தவணை உரத்தை உங்களிடம் சொல்லாமலேயே ஒருவர் மண்ணுக்குள் இட்டிருந்தால் அதுதான் ஏற்பு. ஊருக்கு ஐந்து பேரோடு தொடங்குங்கள். அவர்களில் ஒருவராவது குத்தகை விவசாயியாகவும், ஒருவராவது உரம் இடும் வேலையைத் தாமே நின்று செய்யும் பெண்ணாகவும் இருக்கட்டும். பதிவேட்டில் கணவர் பெயர் இருக்கும். யூரியாவைக் கையில் எடுப்பவர் வேறொருவராக இருப்பார்.

பாசனத்தை மாற்றுவது

சொட்டுநீர்ப் பாசனத்துக்குச் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 விழுக்காடும் மற்றவர்களுக்கு 75 விழுக்காடும் தமிழ்நாட்டில் மானியம் தரப்படுகிறது. ஐந்து ஏக்கர் வரை உள்ளவர்கள் வட்டாட்சியரிடம் சிறு, குறு விவசாயி சான்று பெற வேண்டும். சிட்டா, அடங்கல், நில வரைபடம், ஆதார் ஆகியவற்றைச் சேர்த்து விண்ணப்பிக்க உதவுவது உங்கள் வேலையில் ஒரு பகுதி. கரும்பின் பருவைச் சீவி எடுத்து வளர்த்த பருசீவல் நாற்றை ஐந்து அடி இடைவெளியில் நடும் முறையோடு சொட்டுநீர் நன்றாகப் பொருந்தும். நட்ட 15-ஆம் நாள் முதல் 15 நாளுக்கு ஒருமுறை சிறுசிறு பங்காகத் தழைச்சத்தையும் சாம்பல்சத்தையும் (பொட்டாஷ்) குழாய் வழியே கொடுக்கலாம்.

ஆனால் சொட்டுநீர் போட்டாலே நைட்ரேட் கசிவு நின்றுவிடும் என்று நினைக்கக் கூடாது. யூரியாக் கரைசலைக் கொடுத்த பிறகும் மோட்டார் இரவெல்லாம் ஓடினால், அந்த உரம் துல்லியமாக வேரின் நேர்கீழே இறங்கிவிடும். நீர் ஓடும் நேரத்தின் நடுப்பகுதியில் உரக்கரைசலைக் கொடுத்து, கடைசியில் குழாயை அலச மட்டும் சிறிது நேரம் நல்ல நீர் விட்டு நிறுத்த வேண்டும். அணில் கடிப்பது, உப்பு அடைப்பது, வெட்டும்போது அரிவாள் படுவது ஆகியவற்றால் இரண்டாம் ஆண்டில் குழாயைச் சுருட்டி வைத்துவிட்டவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். புதிய விண்ணப்பம் தேடுவதற்கு முன் அவர்களிடம் போவது பலன் தரும். சொட்டுநீர் இயலாத இடத்தில், ஒரு சால் விட்டு ஒரு சால் பாய்ச்சுவதும், கடைசிப் பாரின் வரப்பை உயர்த்திக் கட்டுவதும், ஆட்டோ ஸ்டார்ட்டரோடு நேரம் வைத்து நிறுத்தும் கருவி ஒன்றைச் சேர்ப்பதும் செலவு குறைந்த வழிகள். வடிகாலை ஒட்டி ஓரிரு அடி அகலத்துக்கு வெட்டிவேர் அல்லது தீவனப்புல் வைத்தால் மண்ணும் மணிச்சத்தும் அங்கேயே தங்கும்.

சோகை, களைக்கொல்லி, ஆலைக்கழிவு

ஐந்தாம், ஏழாம் மாதங்களில் உரிக்கும் காய்ந்த கரும்பு இலையான சோகையைச் சாலிலேயே பரப்பினால் ஈரம் காக்கும், களை குறையும், மழைத்துளி மண்ணைக் கரைக்காது. வெட்டிய பின் கிடக்கும் சோகையைக் கொளுத்துவதற்கு விவசாயிகள் சொல்லும் காரணங்கள் உண்மையானவை: பாம்பும் எலியும் தங்கும், சாலில் நீர் ஓடாமல் தடுக்கும். ஒரு சாலில் சோகையைக் குவித்து அடுத்த சாலில் பாய்ச்சுவது, அல்லது டிராக்டரில் பூட்டும் கருவியால் தூளாக்குவது என்ற இரண்டையும் செய்து காட்ட வேண்டும். தூளான சோகை மக்கத் தொடங்கும்போது மண்ணில் உள்ள தழைச்சத்தைச் சில வாரம் பிடித்துக்கொள்ளும் என்பதால், சோகை போட்ட முதல் ஆண்டிலேயே உரத்தைக் குறைக்கச் சொன்னால் பயிர் மஞ்சளாகி உங்கள் மேல் நம்பிக்கை போய்விடும்.

நட்ட சில நாளில் தெளிக்கப்படும் அட்ரசின் என்ற களைக்கொல்லி மண்ணில் நீண்ட நாள் தங்கி நீரோடு நகரக்கூடியது. நிலத்தடி நீரில் தங்குகிறது என்பதற்காகவே ஐரோப்பிய ஒன்றியம் 2004-இல் அதன் அனுமதியை விலக்கிக்கொண்டது. நம் நாட்டில் அதற்குத் தடை இல்லை. ஆகவே கனமழைக்கு முன் தெளிக்க வேண்டாம், கிணற்று விளிம்பையும் வாய்க்கால் கரையையும் விட்டுத் தள்ளித் தெளியுங்கள், தெளிப்பானை வாய்க்காலில் கழுவாமல் அந்த நீரை வயலிலேயே ஊற்றுங்கள் என்ற மூன்றையும் வலியுறுத்தினால் போதும். பூச்சிக்கொல்லியான ஃபோரேட் குருணை 2020 இறுதியோடு தடை செய்யப்பட்டுவிட்டது. பழைய இருப்பு யார் வீட்டிலாவது இருக்கிறதா என்று கேட்டு வையுங்கள். கரும்பைத் துளைக்கும் இடைக்கணுப்புழுவுக்கு நான்காம் மாதம் முதல் 15 நாளுக்கு ஒருமுறை ஆறு தடவை, அதன் முட்டைகளை அழிக்கும் முட்டை ஒட்டுண்ணி அட்டை கட்டுவது நம் பகுதியில் பலருக்கும் பழக்கமானதே. தடைபடாமல் அட்டை கிடைக்கச் செய்தால் மருந்து தேவைப்படாது.

பிரஸ்மட் என்று சொல்லப்படும் ஆலைக்கழிவு நல்ல உரம், எக்டேருக்கு 37.5 டன் வரை கடைசி உழவுக்கு முன் இடலாம். அது லாரியில் வந்து இறங்கும் இடத்தில்தான் கவனம் தேவை. கிணற்றுக்கும் ஏரிக்கரைக்கும் அருகே குவித்து மழைக்காலம் முழுவதும் விட்டுவைத்தால், கறுப்பாக வடியும் சாறு நேராக நீரில் கலக்கும். மேடான இடத்தில் குவித்து, மழைக்கு முன் பரப்பி உழுதுவிட வேண்டும்.

மறுதாம்பில் தொடர்வது

முதல் வெட்டு முடிந்ததும் பலரும் பணி முடிந்ததாக அடுத்த ஊருக்குப் போய்விடுகிறார்கள். வெட்டிய கட்டையிலிருந்து மீண்டும் தழைக்கும் மறுதாம்புக்கு 25 விழுக்காடு கூடுதலாகத் தழைச்சத்து பரிந்துரைக்கப்படுகிறது; கட்டைகளைச் சீவி விட்ட ஒரு வாரத்துக்குள் அதை இட வேண்டும். நடவுக் கரும்பில் கற்றுக்கொண்ட நாள்கணக்கு இங்கே பொருந்தாது என்பதால், விவசாயி பழைய முறைக்குத் திரும்புவதற்கு இதுவே வாய்ப்பான இடம். ஜனவரியில் எடுத்த கிணற்று நீரின் அளவையும், நான்கு பாரின் எடையையும், கடந்த ஆண்டு மூட்டைக் கணக்கையும் ஒரே தாளில் எழுதி, கட்டை சீவும் நாளில் வயலுக்குக் கொண்டு போக வேண்டும். கிணற்றில் 45 மில்லிகிராமுக்கு மேல் இருக்கும் நிலத்தில், அந்தக் கூடுதல் 25 விழுக்காட்டைக் கிணற்று நீரே தந்துவிடுகிறதா என்பதை அங்கேயே கணக்குப் போட்டுப் பார்த்து, இந்த ஆண்டும் நான்கு பாரில் மட்டும் அதை இடாமல் பார்க்கலாமா என்று அவரிடம் கேளுங்கள். ஒப்புக்கொண்டால் அன்றே குச்சியை நட்டுவிட்டு, செப்டம்பர்ச் சோதனைக்கான நாளையும் குறித்துக்கொண்டு வாருங்கள்.